ஒரு சாண் குளிர்

ஒரு பொருளை வீட்டைவிட்டு வெளியேற்றினால் அது முழுவதுமாக வெளியேறிவிடுகிறது என்று பொதுவாக நம்பப்படுகிறது. இது தவறு. வீடு மாற்றுகிறவர்களும், பழைய சாமான் எடுக்கிறவர்களும், பெண்ணைக் கட்டிக்கொடுத்த பெற்றோரும்கூட இந்தத் தவறை நம்பியே காலம் தள்ளுகிறார்கள் என்பதால், இதைச் சற்று உறுதியாகவே திருத்த வேண்டியிருக்கிறது. எந்தப் பொருளும் தான் நின்ற இடத்தைவிட்டு முழுசாகப் போனதற்கு இதுவரை சான்று இல்லை. கட்டில் போன பிறகு அதன் தலைமாட்டு எண்ணெய்க்கறை சுவரில் நிற்கிறது. காலண்டரைக் கழற்றிய இடத்தில் சுண்ணாம்பின் பழைய நிறம் நிற்கிறது. தூத்துக்குடிக் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு பின்னால் இருக்கும் பவளம் அடுக்ககத்தில், இரண்டாம் மாடியில், ஜெசிந்தாவின் சமையலறையில், பழைய பிரிட்ஜ் போன பிறகு அதில் ஒரு சாண் நின்றது.

அந்தப் பிரிட்ஜ் ஜெசிந்தாவின் கல்யாணத்துக்கு வந்தது. அந்தக் காலத்துப் பிரிட்ஜ்கள் அகலத்தில் சிக்கனமாகவும் ஆழத்தில் தாராளமாகவும் செய்யப்பட்டவை. அதனால் அது சமையல் மேடையின் வரிசையில் நில்லாமல், கூட்டத்தில் எட்டிப் பார்க்கிறவனைப் போல, ஒரு சாண் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. அந்த வீட்டில் புழங்கிய எல்லோருடைய இடுப்பும் அதைக் கற்றுக்கொண்டிருந்தது. அடுப்பிலிருந்து தொட்டிக்குப் போகும் வழியில் ஜெசிந்தா ஒரு வெட்டு வெட்டி ஒதுங்குவாள். அவள் கணவர் ரெமிஜியூஸும் காலையில் காப்பி டம்ளரோடு பாதிக் கண்ணை மூடிக்கொண்டே வந்து அதே இடத்தில் அதே வெட்டு வெட்டி ஒதுங்குவார். இடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் விருந்தாளிகள்.

ரெமிஜியூஸ் துறைமுகப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுக்கில் ஒரு பெட்டி நான்கு விரற்கடை வெளியே நின்றால்கூட மத்தியானச் சாப்பாடு இறங்காத மனிதர். அப்படிப்பட்டவர் இத்தனை வருடம் சொந்தச் சமையலறையில் இந்தத் துருத்தலைப் பொறுத்திருந்தார் என்றால் அது திருமணத்தின் மகிமை. ஓய்வு பெற்றதும் முதல் வேலையாகச் சமையலறையை உடைத்துக் கட்டினார், மேடையோடு மட்டமாக நிற்கும் ஒரு புதுப் பிரிட்ஜையும் வாங்கினார்.

புதுப் பிரிட்ஜின் நன்மைகளை முதலில் சொல்லிவிடுவது நியாயம். அது சுவரில் வரைந்த படத்தைப் போல நின்றது. மேடையின் விளிம்பும் அதன் கதவும் ஒரே கோட்டில் இருந்தன. ரெமிஜியூஸ் ஒரு நூலைப் பிடித்துப் பார்த்து, யாரும் கேட்காமலே "பாத்தியா" என்றார். உள்ளே ஆழம் குறைவு என்பதால் எதுவும் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. பாதி வெட்டிய எலுமிச்சம்பழமும், மூடி வைத்து மறந்துபோன கிண்ணங்களும் கதவைத் திறந்ததுமே வரிசையில் நின்று வணக்கம் சொல்லும். தீமைகளும் அதே ஆழத்தில்தான் இருந்தன. தர்ப்பூசணி நுழையாது. இட்லி மாவுத் தூக்குச்சட்டியைச் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜெசிந்தா வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறவள், கேக் வைக்கும் பலகை அதில் நுழையாது.

"கொஞ்சம் சின்னப் பலகையா வாங்கிக்கயேன்" என்றார் ரெமிஜியூஸ்.

"கேக்கு சின்னதாகணுமே. பிறந்தநாளுக்கு வாரவங்களயும் சின்னதாக்கிருதீங்களா?"

அவர் மறுபடியும் நூலைப் பிடித்துப் பார்த்தார்.

பழைய பிரிட்ஜை ரெமிஜியூஸின் தங்கை மெற்றில்டாவுக்குக் கொடுப்பது என்று முடிவானது. அவள் திரேஸ்புரத்தில், ஒரே அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில், ஆட்டோ ஓட்டும் கணவன் சூசையோடு இருந்தாள். இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்றாள். வெயில் காலத்தில் மாவு மத்தியானத்துக்குள் பொங்கிவிடுவதால் அவளுக்குப் பிரிட்ஜ் என்பது தொழில். சுமைகாரர்கள் வந்து கட்டி எடுத்தார்கள். வாசலைத் தாண்டும்போது ஜெசிந்தா அதன் கதவைக் கன்றுக்குட்டியின் நெற்றியைத் தடவுவதுபோல் தடவி, "போயிட்டு வா" என்றாள்.

"ஏளா, பிரிட்ஜுகிட்டயா பேசுத?" என்றார் ரெமிஜியூஸ்.

"பின்ன? இத்தன வருசம் நின்னுருக்கு. ஒரு வார்த்த சொல்லாம அனுப்பவா?"

எதிர்வீட்டு செய்யிது பாத்திமா அவள் வாசலில் நின்று இதைக் கேட்டுச் சிரித்தாள். சுமைகாரர்களில் மூத்தவர், படிக்கட்டு வளைவில் பெட்டி மாட்டும் என்று பயந்து வந்தவர், அது லேசாகத் திரும்பிவிட்டதைப் பார்த்து, கட்டடம் கட்டியவன் புத்திசாலி என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

அன்று சாயங்காலம் ஜெசிந்தா ஒரு பிறந்தநாள் கேக்கைப் புதுப் பிரிட்ஜில் வைத்தாள். மனம் எங்கேயோ இருந்தது; கைகள் பழைய பிரிட்ஜின் ஆழத்தை நினைத்தே வைத்தன. பலகையின் பாதி தட்டில் உட்கார்ந்தது, மீதிப் பாதி வெறும் காற்றில் உட்கார்ந்தது. அவள் கதவைத் தள்ளினாள். கதவு தண்ணீரில் இறங்கும் கால்போலக் கேக்கின் ஊடாகப் போய் மூடிக்கொண்டது. பளபளக்கும் இரும்புக் கதவிலிருந்து பாதிக் கேக், பாலாடை நிறத்தில், ஒரு ரோஜாவோடும் "பிறந்தநாள் வா" என்ற எழுத்துகளோடும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஜெசிந்தா விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. "அப்பாடா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

ரெமிஜியூஸ் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் உடைத்துக் கட்டிய கோட்டில் ஒரு கேக் துருத்திக்கொண்டு நின்றது. அவர் சொன்னது ஒன்றுதான்: "கொஞ்சம் எடது பக்கமாத் தள்ளி வச்சுருக்கலாம்."

அதன் பிறகு அந்தச் சாண் அந்த வீட்டின் ஓர் உறுப்பானது. புதுப் பிரிட்ஜுக்கு முன்னால், அதன் அகலத்துக்கும் உயரத்துக்கும், ஒரு சாண் ஆழத்துக்கு, அங்கே எதை விட்டாலும் விட்ட இடத்தில் குளிர்ந்து நின்றது. மோர் டம்ளர் நின்றது. கறிவேப்பிலைக் கொத்து, விற்கும் கையிலிருந்து வாங்கும் கைக்கு நடுவில் உறைந்ததுபோல் நின்றது. ஆட்கள் யாரும் அதில் மோதிக்கொள்ளவில்லை. ஏனென்றால் அந்த வீட்டு இடுப்புகள் இன்னும் பழைய வெட்டை வெட்டித்தான் ஒதுங்கிக்கொண்டிருந்தன. நூல்பிடித்து இடத்தை மிச்சப்படுத்திய ரெமிஜியூஸே, மிச்சப்பட்ட இடத்தில் ஒருநாளும் கால் வைக்கவில்லை.

அடுக்ககம் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதுதான் கவனிக்கத் தக்கது. முதலில் செய்யிது பாத்திமா ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் வட்டலப்பத்தோடு வந்தாள். "எங்க வீட்டுலயும் எடம் இருக்கு அக்கா. ஆனா இதுல வச்சா எல்லாருக்கும் தெரியுது" என்று சொல்லி, கண்ணுக்கு நேரான உயரத்தில் கிண்ணத்தை வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். அடுத்துக் கல்யாண வீட்டுப் பூப்பந்துகள் வந்தன, அதற்கடுத்துச் சொட்டு மருந்துக் குப்பிகள். மழைக்காலத்தில் மரவட்டைக்குப் பழகுவதுபோல் ஜனங்கள் இதற்குப் பழகினார்கள். எங்கே வைக்கலாம் என்பதில்தான் முறை வேண்டியிருந்தது: சைவப் பண்டங்கள் மேலே, மீன் முழங்காலுக்குக் கீழே, வெள்ளிக்கிழமைகளில் மீன் கூடவே கூடாது.

சங்கச் செயலாளர் தங்கப்பழம் சார், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், டேப்போடு வந்து அளந்தார். அவருடைய கவலை இது பராமரிப்புக் கட்டணத்துக்கு உரிய பரப்பில் சேருமா என்பது. வெகு நேர யோசனைக்குப் பிறகு, சாண் வீட்டுக்குள் இருப்பதால் அது வீட்டுக்காரருடையது, ஆனால் அதிலிருந்து கசிந்து மாடிப்படிக்கு வரும் குளிர் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தார். அதன்படி பகல் இரண்டு மணிக்கு மேல் இரண்டாம் மாடிப் படிகளில் உட்காரும் உரிமை எல்லாருக்கும் வந்தது. வெயிலுக்கு அது நல்ல உரிமை.

இன்னொரு விவாதமும் எழுந்தது. தங்கியிருப்பது பழைய பிரிட்ஜின் முன் சாணா, பின் சாணா? முன்னால் நிற்பதால் முன் சாண் என்றார் தங்கப்பழம் சார். ரெமிஜியூஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "மோந்து பாருங்க. இது பின்பக்கத்து வாசம். மறந்துபோன வாசம்." ஒருநாள் காலையில், யாரும் வைக்காத, கல்லாய்க் காய்ந்த அரை எலுமிச்சம்பழம் ஒன்று காற்றில் நின்றது. ஜெசிந்தா அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு முகம் சிவந்தாள். விவாதம் அதோடு முடிந்தது. பிரிட்ஜின் குளிர் பிறக்கும் இடம் அதன் முதுகு என்பது தங்கப்பழம் சாருக்குத் தொழில்முறையில் தெரியும். ஆனால் அந்த முதுகு இங்கே இருந்தால் மெற்றில்டா வீட்டில் என்ன இருக்கிறது என்று அவரும் யோசிக்கவில்லை, வேறு யாரும் யோசிக்கவில்லை.

இதற்கிடையில் ஜெசிந்தாவுக்கு அவள் வெகுநாளாகக் காத்திருந்த வேலை வந்தது. பெரிய கல்யாணம், அடுக்குக் கேக், சனிக்கிழமை. இதுவரை அவள் செய்ததெல்லாம் பிறந்தநாளும், கோயிலில் பிள்ளைகள் வாங்கும் புதுநன்மையும்தான். மண்டபத்துக்காரர் அவளை அழைத்து, "இது சரியா வந்துட்டா, இனி இந்த மண்டபத்துக் கேக்கெல்லாம் உங்க கேக்குதான்" என்று சொல்லியிருந்தார். அடியடுக்கு மட்டுமே புதுப் பிரிட்ஜைவிட ஒரு சாண் ஆழம். அவள் கவலைப்படவில்லை. ஒரு சாண் அவளிடம் இருந்தது.

வியாழக்கிழமை மெற்றில்டா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சண்டை தொடங்கிவிட்டது.

"மைனி, இதப் பாருங்க." அவள் கையில் இருந்த மாவுப் பாக்கெட் தலையணையாக உப்பியிருந்தது. "காலைல அரைச்சு உள்ள வச்சேன். மத்தியானம் எடுத்தா முழுகாம இருக்கு. என்னத்தக் குடுத்தியளோ தெரியல, மோட்டாரு ஓடுது, லைட்டு எரியுது, குளிரு மட்டும் வரமாட்டேங்கு. எங்கிட்ட வாங்குன ஆளுங்கள்ளாம் இப்ப மெயின் ரோட்டுக் கடைக்குப் போறாங்க."

"நல்லா ஓடிட்டு இருந்த பிரிட்ஜுதான மெற்றில்டா. எங்கிட்ட ஒருநாள் மக்கர் பண்ணல."

"அப்ப எங்கிட்டதான் மக்கர் பண்ணுது. ஏழை வீடுன்னு அதுக்கும் தெரிஞ்சிட்டு போல."

ரெமிஜியூஸ் உள்ளறையிலிருந்து வந்தார். "ஒரு மெக்கானிக்கக் கூப்பிட்டுக் காட்ட வேண்டியதுதானளா."

"காட்டுனேன் அண்ணேன். பின்னாடி இருக்க வேண்டியது பின்னாடி இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டான். எங்க போச்சுன்னு கேட்டா, குடுத்தவங்களக் கேளுன்னான்."

இதைச் சொல்லிக்கொண்டே அவள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் அங்கேயே நின்றாள். கதவிலிருந்து கல்யாணக் கேக்கின் அடியடுக்கு, வெள்ளை வெளேரென்று, கப்பலின் முன்பக்கம்போல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலே வட்டலப்பம், அதற்கும் மேலே மல்லிகை. மெற்றில்டா கையை நீட்டினாள். குளிர்ந்தது. பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, கதவிலிருந்து அளந்தாள். சரியாக ஒரு சாண்.

அவள் குரல் இறங்கிவிட்டது. "எங்க வீட்டுல அளந்து பாத்தப்ப, வாசக்கதவு பிரிட்ஜுல ஒரு சாண் இடிக்கும்னு சொன்னாரு அவரு. கொண்டுவந்து வச்சா அச்சா ஒக்காந்துச்சு. நமக்குன்னு சுருங்கிக் குடுத்துருக்குன்னு மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்துனேன் மைனி."

அவள் விரல்களை விரித்து இன்னொரு தடவை அளந்து பார்த்தாள்.

"இங்கதான் இருக்கா அது" என்றாள் மெற்றில்டா.

தங்கப்பழம் சார் வரவழைக்கப்பட்டார். சட்டப்படி இது அசையும் சொத்து, ஆனால் அசையமாட்டேன் என்கிறது என்று நிலைமையை விளக்கினார். ரெமிஜியூஸ் யார்டில் பழகிய பழக்கத்தில் அதற்குக் கயிறு கட்டிப் பார்த்தார். கயிறு குளிர்ந்ததே தவிர ஒன்றும் நகரவில்லை. கடைசியில் தங்கப்பழம் சார் ஒரு சமரசம் சொன்னார்: மெற்றில்டா தினமும் மாவை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளட்டும், முழங்காலுக்குக் கீழே மீனுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கலாம்.

மெற்றில்டா அவரைப் பார்க்கவில்லை. ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"தெனமும் ரெண்டு மாடி ஏறி, பெல்லு அடிச்சு, 'மைனி, எங் குளிர எடுத்துக்கிடுதேன்'னு நிக்கணுமா? நீங்க எனக்குக் குடுத்தது பிரிட்ஜா, இல்ல குடுத்தோம்ங்கிற பேரா?"

உப்பிய பாக்கெட்டை மேடைமேல் வைத்துவிட்டு அவள் இறங்கிப் போனாள். படியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

மறுநாள் மதியம்வரை ஜெசிந்தா சர்க்கரை ரோஜாக்களைச் செய்தாள், உடைத்தாள், திரும்பச் செய்தாள். ஒரு வீட்டின் ஒழுங்கு எங்கேயோ இன்னொரு வீட்டில் கோணலாக நிற்கிறது என்பது தெரியாதவரை நன்றாகத்தான் இருக்கிறது. தெரிந்த பிறகு அந்தக் கேக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அதற்குப் பின்னால் திரேஸ்புரத்து அறையும், உப்பிய மாவும் தெரிந்தன. மூன்று மணி வாக்கில் செய்யிது பாத்திமா கிண்ணத்தை எடுக்க வந்தாள்.

"நான்தான் வரச்சொன்னேன் பாத்திமா" என்றாள் ஜெசிந்தா திடீரென்று. "வாசல்ல வச்சு. போயிட்டு வான்னேன்."

பாத்திமா யோசித்தாள். "ஆமா அக்கா. சொன்னீங்க. பாவம், முழுசா வர முடியாம, முடிஞ்ச அளவுக்கு வந்துருக்கு."

"அப்ப என்ன செய்ய?"

"போன்னு சொல்லிப் பாருங்க."

"நீ சொல்லேன்."

"ஐயோ, எனக்கு வராது."

யாருக்கும் வரவில்லை. ரெமிஜியூஸ் பிரிட்ஜின் முன் நெஞ்சை நிமிர்த்தி நின்று "போ" என்று தொடங்கினார்; வாய் தானாகவே "யிட்டு வா" என்று முடித்தது. சாண் ஒரு கணம் இன்னும் குளிர்ந்தது. தங்கப்பழம் சார் சங்கத்தின் சார்பில், "தாங்கள் புறப்படலாம்" என்று எழுத்துத் தமிழில் அறிவித்துப் பார்த்தார். அதை எதுவும் சட்டை செய்யவில்லை. பொருளோ ஆளோ, வாசலைத் தாண்டும் எதையும் வெறும் "போ" என்று அனுப்பப் பழகாத ஊர் அது. ஜெசிந்தா தன் அப்பாவைக் குழிக்குள் இறக்கும்போதுகூட "போயிட்டு வாங்கப்பா" என்றுதான் சொன்னாள். பக்கத்தில் நின்ற பாதிரியார் திருத்தவில்லை. அவருடைய மதப்படி அதில் பிழையும் இல்லை.

"நாளைக்கு ராத்திரி சொல்லு" என்றார் ரெமிஜியூஸ், அவளைத் தனியாக அழைத்து. "கல்யாணம் முடியட்டும். ஒருநாள்தான. இந்த வெயிலுல இது போச்சுன்னா கேக்கு என்னாகும்?"

"மெற்றில்டா இன்னைக்கும் மாவு அரைச்சிருப்பா" என்றாள் ஜெசிந்தா. "நாளைக்கும் அரைப்பா. ஒருநாள்தானன்னு நான் எப்பிடிச் சொல்ல?"

அவள் பெரிய கத்தியை எடுத்துச் சுடுதண்ணீரில் நனைத்துத் துடைத்தாள். கதவோரமாக, கதவை ஒட்டி, கேக்கின் மேலிருந்து கீழே ஒரே வெட்டாக வெட்டினாள். பலகையை ரெமிஜியூஸ் ரம்பத்தால் அறுத்தார். ஒரு கோட்டை நேராக அறுக்கும்போது அந்த மனிதரின் கண்கள் கலங்கியிருந்ததை அன்றுதான் பாத்திமா பார்த்தாள். உள்ளே இருந்த கேக் இப்போது பிரிட்ஜின் ஆழத்துக்கு இருந்தது: ஒரு பக்கம் வட்டம், ஒரு பக்கம் சுவர்போல் தட்டை. மேலடுக்குகளையும் அதற்கேற்ப முதுகு சீவினாள். அந்தச் சீவல்களை வெட்டிய ஒரு சாண் கேக்கோடு சேர்த்துக் காற்றிலேயே விட்டாள், இரண்டு சர்க்கரை ரோஜாக்களும் மேலே இருந்தன. மற்றவர்கள் தங்கள் கிண்ணங்களையும் பூவையும் மருந்தையும் எடுத்துக்கொண்டார்கள். காற்றில் கேக் மட்டும் தனியாக நின்றது.

ஜெசிந்தா அதன் முன்னால் போய், கதவைத் தடவும் இடத்தில், இல்லாத கதவைத் தடவினாள்.

"இங்க நீ நல்லாத்தான் இருந்த" என்றாள். "குறையொண்ணும் இல்ல. ஆனா உன் வீடு இப்ப அங்க."

பிறகு சொன்னாள்.

"போ."

சத்தம் எதுவும் இல்லை. கேக் இருந்த இடத்தில் கேக் இல்லை. சமையலறையில் வெயில் ஒரு சாண் முன்னால் வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக எழுந்து தங்கள் வீடுகளுக்குப் போனார்கள். ஜெசிந்தா வெகுநேரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தை வேறு யார்மேலும் பட்டுவிடக் கூடாது என்பதுபோல.

சனிக்கிழமை மண்டபத்தில் கேக்கைச் சுவரை ஒட்டி வைத்தார்கள். அது சுவருக்குள்ளிருந்து மலர்ந்து வருவதைப்போல் இருக்கிறதென்று மண்டபத்துக்காரர் நினைத்தார், இனி எல்லாக் கேக்கையும் இப்படியே செய்யச் சொன்னார். அதன் முதுகை யாரும் பார்க்கவில்லை. அன்று காலை ரெமிஜியூஸ் காப்பி டம்ளரோடு பாதிக் கண்ணை மூடிக்கொண்டு வந்து, அடுப்பிலிருந்து தொட்டிக்கு நேராக நடந்து போனார்.

திரேஸ்புரத்தில், அதற்கு முந்தின நாளான வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த சூசை வழக்கம்போல் வாசக்கதவைத் திறந்தான். கதவு பாதியில் எதிலோ இடித்து நின்றது. பக்கவாட்டில் நுழைந்தவன், உள்ளே ஒரு சாண் கேக் குளிர்ந்துகொண்டிருந்த பிரிட்ஜில் முழங்காலை இடித்துக்கொண்டான்.